மணப்பெண்ணின் அறைக்குள் நுழையும் கேமரா

அண்மைக் காலமாக நம் வீட்டுத் திருமணங்களில் ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. நிகாஹ் நாளின் காலையில், மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருக்கும்போதே புகைப்படம் எடுப்பவர் அந்த அறைக்கு வந்துவிடுகிறார். ஹேங்கரில் தொங்கும் மணப்புடவை, திறந்து வைத்த நகைப்பெட்டி, மருதாணிக் கைகள், கண்ணாடி முன் அமர்ந்த மணமகள், தோடு மாட்டிவிடும் தாய் என்று படங்கள் நீள்கின்றன. முன்பெல்லாம் மண்டபத்து மேடையில் தொடங்கிய ஆல்பம் இன்று ஒப்பனை அறையிலேயே தொடங்கிவிடுகிறது.

புகைப்படம் எடுப்பது கூடுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்ட குடும்பங்கள், அந்தக் காலைப் பொழுதுக்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே நம் பேச்சு.

மணப்பெண்ணை அலங்கரிப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள ஓர் ஆடை இருந்தது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் பெண்கள் தம்மை அலங்கரித்துக்கொள்ள அதை இரவல் வாங்கிச் செல்வார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த அலங்காரத்தை யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான்.

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், 58ஆம் வசனம் மூன்று நேரங்களைத் தனித்துக் குறிப்பிடுகிறது. ஃபஜ்ர் தொழுகைக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். இந்த நேரங்களில் வீட்டுப் பணியாளர்களும், பருவமடையாத நம் பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும். நாள் முழுதும் வீட்டுக்குள் நடமாடும் பிள்ளைக்கே இந்த ஒழுங்கு என்றால், ஆடை மாற்றும் அறைக்குள் நுழையும் கேமராவுக்கு எத்தகைய ஒழுங்கு வேண்டும்! அனுமதி கோரும் முறை பார்வையின் பொருட்டே ஏற்படுத்தப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். கேமராவோ, நாளை அந்தப் படத்தைப் பார்க்கப் போகும் அத்தனை பேரின் பார்வையையும் அறைக்குள் அழைத்து வருகிறது.

"பெண் ஒருவரைத்தான் படம் எடுக்க அமர்த்தியிருக்கிறோம்" என்று பல குடும்பங்கள் நிம்மதி அடைகின்றன. நல்ல முடிவுதான், ஆனால் அது பாதி வழி. எடுத்து முடித்ததும் மெமரி கார்டு எங்கே போகிறது? கணினியில் படங்களைத் திருத்துபவர், ஆல்பத்தை வடிவமைப்பவர், அச்சிடுபவர் என்று அது பல கைகள் மாறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்நிய ஆண்களாக இருக்கக்கூடும். அதன் பிறகு, தம் தொழிலை விளம்பரப்படுத்த நிறுவனத்தார் இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடவும் கூடும்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவோம். இந்தப் படங்களைத் திருத்துவது யார்? படங்களை ஒப்படைத்த பின் அவர்களிடமுள்ள பிரதிகள் என்னவாகும்? எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி எங்கும் வெளியிட மாட்டோம் என்று உறுதி தருவார்களா? இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவரே. மாறான உடன்படிக்கை எதுவும் இல்லாதவரை. ஆகையால் ஒப்பந்தத்தாளை முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

அறையில் மணப்பெண் மட்டும் இருப்பதில்லை. முக்காடு விலகிய பெரியம்மா, தலை சீவிக்கொண்டிருக்கும் சாச்சி, உடை மாற்றும் தங்கை என எல்லோரும் அந்தக் கண்ணாடியில் விழுவார்கள். அவர்களிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை. கேமராவைக் கட்டுப்படுத்திவிட்டு, உறவுக்காரப் பிள்ளைகளின் கைபேசிகளை மறந்துவிடுவதும் உண்டு. ஆல்பம் வரச் சில வாரங்களாகும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு நிமிடம் போதும். அலங்காரம் முடியும்வரை கைபேசிகள் வெளியே இருக்கட்டும்.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. மணமகளும் அறையிலுள்ள பெண்களும் முழுமையாக உடுத்தி முடித்த பிறகே கேமரா உள்ளே வரட்டும். கடைசி வளையலை அணிவது, ஹிஜாபின் கடைசி ஊசியைக் குத்துவது, தாய் உச்சி முகர்வது ஆகியவற்றுக்கு இருபது நிமிடங்கள் போதும். புடவை, நகை, மஹர், அழைப்பிதழ் ஆகியவற்றை முதல் நாளே ஒரு தட்டில் எடுத்து வைத்து, ஜன்னலோரம் ஓரிடத்தை ஒழுங்குபடுத்திவிட்டால், அவற்றை வெளியறையிலேயே படமெடுத்துவிடலாம். முகம் இல்லாத படங்களும் நினைவைச் சுமக்கும்.

நேரத்தையும் இதே கவனத்தோடு வகுக்க வேண்டும். ஒப்பனையாளர் வரும் நேரம் ஃபஜ்ரை விழுங்கிவிடக் கூடாது. ஒப்பனைக்கு முன் உளூ செய்துகொள்வதும், நீர் புகாத நகப்பூச்சைத் தவிர்ப்பதும் லுஹரைக் காக்க உதவும். உளூ முறிந்தால் ஒப்பனையைக் கலைக்கத்தான் வேண்டும். அதற்கு மணமகள் தயங்காதபடி குடும்பத்தார் துணை நிற்க வேண்டும்.

மணமகன் வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் ஆண்களுக்கே முதலில் வருகிறது. "எங்களுக்கும் அந்தப் படங்களை அனுப்புங்கள்" என்று கேட்பதும், அவற்றைக் குடும்பக் குழுவில் பகிர்வதும், மறுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒரு பெண் மீது சுமத்தப்படும் நெருக்கடி.

எல்லாவற்றுக்கும் மேலாக, மணப்பெண்ணையே கேட்போம். அவளுடைய சம்மதமின்றி நிகாஹ் இல்லை என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. கன்னிப் பெண்ணின் மௌனம் அங்கே சம்மதமாக ஏற்கப்படுகிறது. கேமரா முன் அவள் காக்கும் மௌனத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமணத்திற்கு ஒரு வாரம் முன்பே, தாயோ அக்காவோ அவளுடன் தனியே அமர்ந்து, எவை வேண்டும், எவை வேண்டாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவள் வேண்டாம் என்றால் அதுவே முடிவு.

நம் பிள்ளைகளின் மணநாளை நாணமும் மகிழ்வும் நிறைந்ததாக ஆக்கி, அவர்களின் இல்லறத்தில் அல்லாஹ் பரகத் செய்வானாக! ஆமீன்.