டிக்கெட் தீர்ந்த பிறகும் போஸ்டர் எதற்கு? கிக் போஸ்டர்களும் அதை வரைபவர்களின் பங்கும்

அமெரிக்காவில் ஒரு ராக் பேண்டின் கச்சேரி. டிக்கெட் எல்லாம் ஆன்லைனிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டது. எந்த அரங்கு, எத்தனை மணி என்பதெல்லாம் வந்தவர்களின் போனிலேயே இருக்கிறது. ஆனாலும் உள்ளே டி-ஷர்ட் விற்கும் மேசை முன்னால் நீண்ட வரிசை. அதில் பாதிப் பேர் நிற்பது டி-ஷர்ட்டுக்காக இல்லை. அந்த ஒரு இரவுக்காக மட்டும் அடித்த, 18க்கு 24 அங்குலம் உள்ள தடிமனான காகிதப் போஸ்டருக்காக. அதில் அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் இருக்கும். கீழே, மொத்தம் எத்தனை அடித்தார்கள், இது எத்தனையாவது பிரதி என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஓவியரின் கையெழுத்தும் இருந்தால் இன்னும் விசேஷம்.

இதைத்தான் கிக் போஸ்டர் என்கிறார்கள். கிக் என்றால் கச்சேரி, அவ்வளவுதான். விளம்பரத்துக்காகப் பிறந்த ஒரு பொருள், விளம்பரமே தேவைப்படாத இடத்தில் ஏன் இப்படி விலை போகிறது? 'பார்க்க அழகா இருக்கு, அதான்' என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். மீதி, அதை எப்படி அச்சடிக்கிறார்கள், அந்த அச்சு யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. அது இப்போது மெல்ல மெல்ல கைமாறிக்கொண்டிருக்கிறது. கிக் போஸ்டரைக் கொண்டாடும் ரசிகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மஞ்சப்பையில் பார்த்த அதே வேலைதான்

ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்குப் புதிது இல்லை. கல்யாணத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் அச்சாகியிருக்கும் இல்லையா, அதே வேலைதான். ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டால் கெட்டியாகிற எமல்ஷனை அதில் பூசுவார்கள். படத்தைக் கறுப்பில் எடுத்த ஃபிலிமை மேலே வைத்து லைட் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவும்போது கரைந்துபோகும். அந்த இடைவெளி வழியாகத்தான் இங்க் கீழே இறங்கும். காகிதத்தை அடியில் வைத்து, ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் இங்க்கை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு நிறம்தான். 5 நிறப் போஸ்டர் என்றால் 5 ஸ்கிரீன். 200 பிரதி வேண்டுமென்றால் 1,000 இழுப்பு. அதுவும் ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நூல் அளவு நகர்ந்தாலும் கண் ஓரிடத்தில், கண்மணி இன்னோர் இடத்தில் என்று ஆகிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதமே லேசாக விரியும், அதற்கும் கணக்கு வைக்க வேண்டும். வீணாகப் போவதற்கென்றே கூடுதல் தாள்களோடுதான் வேலையைத் தொடங்குவார்கள்.

இந்தக் கஷ்டத்திலேயே டிசைனருக்கு ஒரு விளையாட்டும் இருக்கிறது. ஒளி ஊடுருவும் மஞ்சள் மேல் அதே மாதிரி நீலம் விழுந்தால், மூன்றாவது ஸ்கிரீன் இல்லாமலே பச்சை கிடைத்துவிடும். எந்த நிறம் எதன் மேல் விழும் என்பதை வரையும்போதே யோசிக்கிறவர்தான் நல்ல போஸ்டர் ஓவியர். கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டுப் பிறகு நிறம் பிரிக்கிற போஸ்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பார்த்தவுடனே தெரியும்.

நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. இந்த வேலைக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. ஆஃப்செட்டில் பிளேட் எடுத்து, மெஷினை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். முந்நூறு பேர் நிற்கக்கூடிய ஒரு சின்ன கிளப்பின் கச்சேரிக்கு 150 போஸ்டர் போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அதை ஒரு கார் ஷெட்டில் வைத்தே அடித்துவிடலாம்.

1966: வரைந்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர்

கிக் போஸ்டர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1960-களின் சான் பிரான்சிஸ்கோதான். தீப்பிழம்பு மாதிரி நெளியும் எழுத்துகள், கண் கூசும் நிறங்கள். வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகிய ஐந்து பேர்தான் அந்தப் பாணியின் பெரிய பெயர்கள். அந்தக் காலத்து ஃபில்மோர், அவலான் அரங்குப் போஸ்டர்களையும் ஸ்கிரீன் பிரிண்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை ஆஃப்செட்டில் அடித்தவை.

இது வெறும் டெக்னிக்கல் திருத்தம் இல்லை. ஆஃப்செட் என்றால் அச்சுக்கூலி கொடுக்கப் பணம் உள்ளவர் வேண்டும். ஃபில்மோரில் அது கச்சேரி அமைப்பாளர் பில் கிரஹாம். ஓவியர் வரைந்து கொடுத்தார், அமைப்பாளர் அடித்தார். சுவரில் ஒட்டிய போஸ்டரை ரசிகர்கள் உரித்து வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்த்ததும், இதில் காசு இருக்கிறது என்று புரிந்துபோனது. கச்சேரி முடிந்த பிறகும் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போஸ்டர்கள் அச்சாகின. லாபத்தில் ஓவியருக்கு என்ன பங்கு என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. வெஸ் வில்சன் 1967-இல் இந்தப் பணத் தகராறில்தான் கிரஹாமை விட்டு விலகினார். விலகும் நேரத்தில் அவர் வரைந்த போஸ்டரில் ஒரு பாம்பு, அதன் வாயில் ஒரு டாலர் குறி. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன?

மொஸ்கோசோ வேறு வழியில் போனார். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறங்களைப் பற்றி முறையாகப் படித்தவர் அவர். போஸ்டரில் எழுத்து தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதையெல்லாம் தலைகீழாக்கி, எதிரெதிர் நிறங்களை மோதவிட்டு எழுத்துகளை அதிர வைத்தவர். ஆனால் அவரது பெரிய கண்டுபிடிப்பு நிறம் இல்லை, 'நியான் ரோஸ்' என்று சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியதுதான் என்று சொன்னால் தப்பில்லை. மேட்ரிக்ஸ் என்ற கிளப்புக்குப் போஸ்டர் செய்து, அதைத் தானே வெளியிட்டுத் தானே விற்றார். உரிமை அவரிடமே இருந்தது.

மற்றவர்களின் கதி என்ன ஆனது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. கிரேட்ஃபுல் டெட் பேண்டின் வரலாற்றைச் சொல்லும் ஒரு படப் புத்தகத்தில் பழைய போஸ்டர்களும் டிக்கெட்டுகளுமாக ஏழு படங்கள் சின்ன அளவில் அச்சாகியிருந்தன. அனுமதி வாங்கவில்லை என்று வழக்கு. 2006-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், வரலாற்றுப் புத்தகத்தில் இப்படிப் பயன்படுத்துவது நியாயமான பயன்பாடே என்று பதிப்பாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டது பில் கிரஹாம் ஆர்க்கைவ்ஸ் என்ற நிறுவனம். எதிர்த்து நின்றது புத்தகத் தரப்பு. உரிமைக்காகக் கோர்ட்டுக்கு வந்தவர்களில் ஓவியர் ஒருவர்கூட இல்லை.

ஓவியர்களும் ஒன்றும் முழு அப்பாவிகள் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரோஜா மாலை சூடிய எலும்புக்கூடு, கிரேட்ஃபுல் டெட் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் படம், மவுஸும் கெல்லியும் 1966-இல் அவலான் அரங்குக்காகச் செய்த போஸ்டர். எலும்புக்கூட்டை வரைந்தவர் எட்மண்ட் சல்லிவன் என்ற ஆங்கிலேய ஓவியர். உமர் கய்யாமின் ருபாயத் பாடல்களுக்காக அவர் வரைந்த கறுப்பு வெள்ளைப் படம் 1913 பதிப்பில் வந்தது. நூலகத்தில் அதைக் கண்டெடுத்து, நிறமும் எழுத்தும் சேர்த்தார்கள் இவர்கள் இருவரும். பங்கு கேட்கும் உரிமை சல்லிவனுக்கும் இருந்திருக்கும். அவர் 1933-இலேயே இறந்துவிட்டார்.

கார் ஷெட்டுக்கு வந்த அச்சகம்

1980-களில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஃபிராங்க் கோசிக் என்பவர் பங்க் கச்சேரிகளுக்கு ஜெராக்ஸ் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மாறினார். பெரிய சைஸ், பளீரென்ற நிறங்கள், குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் முகங்களைக் கொஞ்சம் விஷமமாக மாற்றிய படங்கள். நிர்வாணா, சவுண்ட்கார்டன் போன்ற பேண்டுகளுக்கு அவர் செய்த போஸ்டர்கள் செத்துக்கிடந்த ஒரு கலைக்கு உயிர் கொடுத்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். 2023-இல் அவர் இறந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்து ஸ்கிரீன் கட்டக் கற்றுக்கொண்டவர்களாக இருந்திருப்பார்கள்.

சிகாகோவில் ஜே ரயன் தன் 'பேர்ட் மெஷின்' பட்டறையைத் தொடங்கினார். அவரே ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அவர் போஸ்டரில் பேண்டின் முகங்களைத் தேடினால் கிடைக்காது. அணில், கரடி, சைக்கிள் இப்படி ஏதாவது இருக்கும். 2005-இல் வந்த அவரது புத்தகத்தின் பெயரே '100 போஸ்டர்கள், 134 அணில்கள்'. விளம்பரக் கம்பெனி எதுவும் இதற்கு ஓகே சொல்லியிருக்காது. சொந்த ஸ்கிரீன், சொந்தக் காகிதம் என்பதால் யாரிடமும் ஓகே கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தலைமுறை உருவாக்கிய ஏற்பாடு ரொம்ப எளிமையானது. பேண்டிடம் பெரிய கூலி கேட்பதில்லை, சிலசமயம் கூலியே இல்லை. ஓவியர் தன் செலவில் அடிப்பார். ஒரு பங்கு பிரதிகள் பேண்டுக்கு, மேசையில் விற்றுக்கொள்ளலாம். மீதி ஓவியருக்கு, தானே கையெழுத்துப் போட்டு விற்றுக்கொள்வார். நம் ஊர் வாரம் மாதிரி, விளைச்சலில் பங்கு. 2001-இல் கிளே ஹேய்ஸ் தொடங்கிய கிக்போஸ்டர்ஸ் இணையதளம், ஊர் ஊராகச் சிதறிக்கிடந்த இவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியது. 2016-இல் அது மூடப்பட்டது. 2002-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபிளாட்ஸ்டாக்' என்ற கண்காட்சி பிறந்தது. ஓவியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து நேரடியாக விற்பார்கள். இடையில் யாரும் இல்லை.

மறுபடியும் அதே கதையா?

ஏற்பாடு ஜெயித்ததுதான் இப்போது பிரச்சினை. போஸ்டருக்கு இவ்வளவு கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும், பெரிய டூர்களில் மெர்ச்சண்டைஸ் கம்பெனிகளே இதைக் கையில் எடுக்கின்றன. ஓவியரிடம் டிசைன் மட்டும் வாங்கிக்கொள்வது, ஒரே தொகையாகச் செட்டில் செய்வது, உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது, வேறு இடத்தில் பெரிய எண்ணிக்கையில் அடிப்பது. ஓவியருக்கு 'ஆர்ட்டிஸ்ட் காப்பி' என்று கொஞ்சம் பிரதிகள் கிடைக்கும். எத்தனை என்பது பேரத்தைப் பொறுத்தது. தொகை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இது 1966-இன் ஃபில்மோர் கணக்குத்தான், காகிதம் மட்டும் தடிமன் கூடியிருக்கிறது.

இன்னொரு பக்கம் மறுவிற்பனைக்காரர்கள். வாசல் திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்று வாங்கி, கச்சேரி முடிவதற்குள் இபேயில் பல மடங்கு விலைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்தாலும் நண்பர்களைக் கூட்டிவந்து நிற்கிறார்கள். இந்தக் கூடுதல் விலையில் ஓவியருக்கு ஒரு பைசா கிடையாது. இவர்களைத் திட்டுவது சுலபம், ரசிகர்களும் நிறையவே திட்டுகிறார்கள். ஆனால் மறுவிற்பனைக்காரரால் ஓவியருக்குக் கிடைக்காமல் போவது அந்த ஒரு பிரதியின் கூடுதல் விலை. ஒப்பந்தத்தில் போகும் உரிமையோடு மறுபதிப்பு, டி-ஷர்ட், காபிக் கோப்பை எல்லாமே போய்விடும். கோபம் தப்பான இடத்தில் செலவாகிறது.

ஏஐ பற்றிய பயமும் இருக்கிறது, நியாயமான பயம்தான். படம் மட்டுமே போதும் என்று நினைக்கிற அமைப்பாளர் ஓவியரைத் தேடி வரமாட்டார். அதே சமயம், வரிசையில் நிற்பவர்கள் படத்துக்காக மட்டும் நிற்கவில்லை. படம் வேண்டுமென்றால் போனிலேயே கிடைக்கும். இன்னாரின் கை பட்டது, இத்தனைதான் அடித்தது, இனி அடிக்கப்போவதில்லை என்ற உறுதியைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த உறுதியைத் தரக்கூடியவர் ஓவியர்தான். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், 'இனி அடிக்கமாட்டோம்' என்று சொல்லும் அதிகாரமும் அதோடு போய்விடுகிறது.

அச்சு வேலையை ஓவியரே செய்தாக வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். கையில் இங்க் படாத நல்ல போஸ்டர் டிசைனர்கள் ஏராளம். பிரிண்ட் ஷாப்பில் கொடுத்து அடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத்தான்: உரிமை யாரிடம், மறுபதிப்பு உண்டா, மொத்தப் பிரதியில் ஓவியருக்கு எத்தனை. லோகோ, தம்ப்நெயில், வெப் டிசைன் என்று ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மூன்று வரியும் ரொம்பப் பரிச்சயமாக இருக்கும். 'ஒரு ரேட் பேசிக்கலாம் ப்ரோ' என்று ஆரம்பிக்கும் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இவைதான்.

பெரிய டூர்களில் இதைக் கேட்கும் பலம் தனி ஓவியருக்குக் குறைவு. பேண்டுக்கு உண்டு. அரங்குகள் மேசை விற்பனையில் கமிஷன் எடுப்பதை எதிர்த்துப் பேண்டுகள் தொடர்ந்து குரல் கொடுத்தன. 2023 செப்டம்பரில் லைவ் நேஷன் நிறுவனம் தன் அமெரிக்க கிளப்புகளில் அந்தக் கமிஷனை எடுப்பதில்லை என்று அறிவித்தது. தங்கள் டி-ஷர்ட் காசுக்காகப் பேசத் தெரிந்த பேண்டுகள், அதே மேசையில் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் போஸ்டருக்காகவும் பேசலாம். மெர்ச் கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில் ஓவியரின் பங்குக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லும் இடத்தில் இருப்பது பேண்டு மட்டும்தான்.