வியப்பும் வாய்மையும்

நுழையும்முன்

வியப்பூட்டும் செய்திகளைக் கேட்பதும் அவற்றைப் பிறர்க்குச் சொல்வதும் நம் அனைவர்க்கும் விருப்பமானவை. அத்தகைய செய்திகளை எவ்வாறு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பற்றிய கருத்துரை ஒன்றைப் படிப்போம்.

"உனக்குத் தெரியுமா?" என்று தொடங்கும் செய்திகளுக்கு என்றும் ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் கைப்பேசியிலும் அவை நாள்தோறும் நம்மை வந்தடைகின்றன. கேட்டவுடன் வியக்கிறோம், வியந்தவுடன் அடுத்தவரிடம் கூறுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே நாம் செய்ய வேண்டிய செயல் ஒன்று உண்டு. 'இஃது உண்மைதானா?' என்று வினவுவதே அச்செயல். வினவாமல் ஏற்கும் செய்தி, எத்துணைச் சுவையுடையதாயினும், அறிவாகாது என்பதே என் கருத்து.

வியத்தல் தவறன்று, அறிவு வளர்வதற்கு வியப்பே முதற்படி. ஆக்டோபஸ் என்னும் பேய்க்கணவாய்க்கு மூன்று இதயங்கள் உள்ளன; அதன் குருதி நீலநிறமுடையது. இச்செய்தி கட்டுக்கதை போல் தோன்றினும் முற்றிலும் உண்மையானது. 'ஏன்?' என்று கேட்டால் இன்னும் இனிய விடை கிடைக்கும். நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்வது இரும்பு கலந்த புரதம். அதனால் அது சிவந்து காணப்படுகிறது. பேய்க்கணவாயின் குருதியில் அப்பணியைச் செய்வது செம்பு கலந்த புரதம். உயிர்வளியுடன் சேரும்போது அது நீலமாகிறது. இரண்டு இதயங்கள் குருதியைச் செவுள்களின் வழியே செலுத்துகின்றன. மூன்றாவது இதயம் அதனை உடலின் பிற பகுதிகளுக்கு அனுப்புகிறது. உண்மையான செய்தி, ஆராய ஆராய இவ்வாறு சுவை கூடிக்கொண்டே செல்லும்.

பொய்யான செய்தியோ ஒரே வினாவில் தளர்ந்துவிடும். 'நிலவிலிருந்து பார்த்தாலும் சீனப் பெருஞ்சுவர் தெரியும்' என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அச்சுவர் மிக நீளமானதுதான். ஆனால் அதன் அகலம் சில மீட்டரே. நிலவோ ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தலைமயிர் ஒன்று எவ்வளவு நீளமாக இருந்தாலும், தெருமுனையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா? 2003ஆம் ஆண்டு விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், புவிக்கு மிக அருகிலேயே வலம் வந்தும், தம் கண்ணுக்கு அச்சுவர் புலப்படவில்லை என்றே கூறினார்.

நம் நாட்டின் தேசிய விளையாட்டு எது? வினாடி வினாப் போட்டியில் இவ்வாறு கேட்டால், பலரும் 'ஹாக்கி' என்றே விடையளிப்பர். லக்னோவைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு இதற்கான அரசாணை எங்கே உள்ளது என்று அறியும் விருப்பம் எழுந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அவள் நடுவண் அரசுக்கு விண்ணப்பம் எழுதினாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012ஆம் ஆண்டில் விளையாட்டு அமைச்சகம் விடையளித்தது. பெரியவர்கள் பல்லாண்டுகளாக நம்பிய ஒன்றை ஒரு சிறுமியின் கடிதம் தெளிவுபடுத்தியது. இதனால் ஹாக்கியின் பெருமை குறைந்துவிடவில்லை. ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கியில் இந்தியா வென்ற எட்டுத் தங்கப் பதக்கங்கள் என்றும் உண்மையே. அவ்வெற்றிகளுக்குப் பொய்யின் துணை தேவையில்லை.

இனி, நமக்கு மிகவும் நெருங்கிய செய்தி ஒன்றைக் காண்போம். தமிழ்நாட்டுக்கு வெளியே பயிலும் நாம், பிறமொழி நண்பர்களிடம் தமிழின் பெருமையைக் கூற விழைகிறோம். அது நல்ல விருப்பமே. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. இதனை அகராதிகள் ஏற்கின்றன. 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் 'காசு'தான் என்று சிலர் கூறுவர். இதில் பாதியே உண்மை. அவ்வாறு ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு உள்ளன. கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்', நம் 'காசு' போர்ச்சுகீசியர் வழியே சென்று பெற்ற வடிவம். கடைகளில் இன்று நாம் கேட்கும், ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

'மகிழ்ச்சிக்காகக் கூறும் செய்திதானே? சிறு பிழையால் யாருக்கு என்ன தீங்கு?' என்று சிலர் கேட்கலாம். தீங்கு உண்டு. ஆராயாமல் கூறிய ஒன்றை நண்பன் அகராதியைக் காட்டி மறுத்துவிட்டால், நாம் கூறிய 'கட்டுமரம்' பற்றிய உண்மையையும் அவன் ஐயுறுவான். மிகைப்படுத்திய ஒரு சொல், மெய்யான பெருமையையும் குலைத்துவிடும். நம் மொழியின்மீது நாம் கொண்ட அன்பு, நம்மை மேலும் கவனமாகப் பேசச் செய்ய வேண்டும்.

சொல்பவர் யாராக இருப்பினும், சொல்லப்பட்ட பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் உணர்த்துகிறார். ஆகவே, எந்தச் செய்தியைக் கேட்டாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனை முதலில் கூறியவர் யார்? அவர் எவ்வாறு அறிந்தார்? வேறு நூல்களிலும் இதற்குச் சான்று உண்டா? பள்ளி நூலகமும் நல்ல அகராதியும் உங்களுக்குத் துணைநிற்கும்.

அடுத்த முறை யாரேனும் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால், வியந்து மகிழுங்கள். பின்பு, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பணிவுடன் கேளுங்கள்.

சொற்பொருள்

வாய்மை – உண்மை
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
செவுள் – நீர்வாழ் உயிரினங்கள் மூச்சுவிடும் உறுப்பு
விழைதல் – விரும்புதல்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்

சிந்தித்து எழுதுக

1. பேய்க்கணவாயின் குருதி நீலநிறமாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. லக்னோ சிறுமியின் செயலிலிருந்து நீங்கள் அறிந்துகொள்வது என்ன?
3. 'சிறு பிழையால் தீங்கில்லை' என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து ஐந்து தொடர்களில் எழுதுக.
4. அண்மையில் நீங்கள் கேட்ட வியப்பூட்டும் செய்தி ஒன்றை நூலகத்தில் ஆராய்ந்து, அது மெய்யா பொய்யா என வகுப்பில் கூறுக.