வடிவான கத்தியும் வெட்டுற கத்தியும்

எங்கட வட்ஸ்அப் குழுவில் புத்தகம், படம், பாட்டு எல்லாம் கதைத்து முடிந்தபிறகு, இரவு பதினொரு மணி தாண்டினால் வேறொரு சாமான் வரத் தொடங்கும். கத்திப் படங்கள். கறுப்புத் துணியில் கிடத்தி எடுத்த ஒரு கத்தி. அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். பிடி மான்கொம்போ கருங்காலியோ. "என்ன வடிவு!" என்று ஒருவர் எழுத, இன்னொருவர் விலையைத் தேடிப் போடுவார். ஆயிரம் டொலர், சிலவேளை அதற்கும் மேல். எங்களில் ஒருவருக்கும் அதை வாங்க வக்கில்லை. பார்க்கிறதுக்குக் காசில்லைத்தானே, பார்க்கிறோம்.

இந்தப் பழக்கத்தை விடுங்கோ என்று சொல்ல வரவில்லை. நாங்களே விடப்போவதில்லை. ஆனால் இரண்டு வருடமாக இப்படிப் பார்த்து, கொஞ்சம் வாசித்து, கடைசியில் ஒரு கம்மாலைக்கும் போய்வந்த பிறகு எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஒரு கத்தியை நல்ல கத்தி ஆக்குகிற விஷயம் படத்தில் விழாது. படத்தை மட்டும் பார்த்து ரசிக்கப் பழகினால், பக்கத்தில் இருக்கிற கைவினைஞரைக் காணாமல் விட்டுவிடுவோம்.

அந்த அலைக் கோடுகளையே எடுப்போம். இன்றைக்கு 'டமாஸ்கஸ்' என்று விற்கிற கத்திகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு வகை உருக்கு இருக்கும். ஒன்றில் நிக்கல் கலந்திருக்கும், மற்றதில் இராது. இரண்டையும் தட்டுத் தட்டாக அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒட்டவைத்து, வெட்டி, திரும்ப அடுக்கி அடிப்பார்கள். அந்த நேரத்தில் கோடு ஒன்றும் வடிவாகத் தெரியாது. மினுக்கிய அலகைக் கடைசியில் ஃபெரிக் குளோரைட் மாதிரி ஒரு கரைசலில் தோய்க்கும்போது, நிக்கல் இல்லாத உருக்கு கறுக்கும், நிக்கல் உள்ளது வெள்ளியாகவே நிற்கும். அப்போதுதான் கோலம் வெளியே வரும். அது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கோலம் வடிவாக இருப்பதால் மட்டும் கத்தி கூடுதலாக வெட்டாது. சாதாரணத் தகட்டின் மேல் லேசரால் கோடு கீறி 'டமாஸ்கஸ்' என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கைபேசித் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் பிடிக்கிறது லேசில்லை.

படம் எடுக்கிறதும் ஒரு தனி வித்தை. மினுக்கிய அலகு கண்ணாடி மாதிரி. ஃபிளாஷ் அடித்தால் ஒரு வெள்ளைப் பொட்டும், பின்னால் நிற்கிற எங்கட முகமும்தான் விழும். அதனால் வெளிச்சத்தை நேரே விடாமல் வெள்ளைத் துணிக்குள்ளாலோ கடதாசிக்குள்ளாலோ விடுவார்கள். பக்கத்தில் ஒரு கறுப்பு மட்டையைப் பிடித்தால் அலகில் ஒரு நிழல் விழுந்து அதன் வளைவு தெரியும். நாங்களும் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெட்சீற்றைக் கட்டி, குசினிக் கத்தியை வைத்து எடுத்துப் பார்த்தோம். அம்மா தேங்காய்ச் சொட்டுக் கிளப்புகிற பழைய கத்தி, ஏதோ அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிற சாமான் மாதிரி வந்தது. சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அப்படியென்றால் எந்தக் கத்தியையும் இப்படிக் காட்டலாம்தானே?

படத்தில் விழாதது சூட்டு வேலை. கத்திக்குரிய உருக்கைக் கிட்டத்தட்ட 800 பாகை செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். 770 பாகையளவில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதனால் சில கொல்லர்கள் ஒரு காந்தத் துண்டைப் பிடித்துப் பார்த்தே சூட்டை மட்டுக்கட்டுவார்கள். பிறகு எண்ணெயில் சட்டென்று தோய்ப்பார்கள். அப்போது உருக்கு கடும் வன்மையாகும். ஆனால் கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே வெடிக்கலாம். அதனால் திரும்பவும் 200 பாகையளவில் மெல்லச் சூடாக்கி அந்த முறுக்கைத் தணிப்பார்கள். இந்த இரண்டு சூட்டுக்கும் நடுவில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது. கூடினால் முறியும், குறைந்தால் மழுங்கும். பிழைத்த கத்தியும் சரிவந்த கத்தியும் படத்தில் ஒரே வடிவுதான்.

இதை விளங்கிக்கொண்டவர்கள் கத்தி செய்கிறவர்களேதான். அமெரிக்காவில் பில் மோரன் என்றொரு கொல்லர் இருந்தார். அங்கே கையால் அடிக்கிற கத்தி அருகிவந்த காலத்தில், 1973இல் ஒரு கத்திக் கண்காட்சிக்குத் தான் அடித்த டமாஸ்கஸ் கத்திகளைக் கொண்டுவந்தார். 1976இல் அவர் தொடங்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் இன்றைக்கும் தேர்வு வைக்கிறது. தேர்வுக்கு வருகிறவர் தன் கத்தியால் தொங்கிக்கொண்டிருக்கிற ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு பலகைச் சட்டத்தை இரண்டு தரம் கொத்தித் துண்டாக்க வேண்டும். அதே வாயால் கையில் இருக்கிற மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் இறுக்கி 90 பாகைக்கு வளைப்பார்கள். முறிந்தால் தோல்வி.

வென்றாலும் அந்தக் கத்தி வளைந்து நாசமாகிவிடும். அதைக் கறுப்புத் துணியில் வைத்து ஒருவரும் படம் எடுக்கப்போவதில்லை. அதற்குப் பிறகுதான் ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைத்து, நேர்த்தியையும் வடிவையும் பார்ப்பார்கள். அடுத்த நிலைத் தேர்வில் குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸ் அலகும் இதே மாதிரி வளைய வேண்டும். முதலில் வளைத்துப் பார்க்கிறார்கள், பிறகுதான் வடிவைப் பார்க்கிறார்கள். நாங்கள் இரவு பதினொரு மணிக்குச் செய்வது இதற்கு நேர்மாறு.

இதையெல்லாம் வாசித்த சூட்டில் எங்களில் மூன்று பேர் ஊர்க் கம்மாலை ஒன்றுக்குப் போனோம். தகரக் கொட்டில். உலை, பட்டடை, சம்மட்டி, குறடு. துருத்திக்குப் பதிலாக மின்சார ஊதுகாற்றி. மூலையில் பழைய லொறி ஸ்பிரிங் தகடுகள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்கக் கொல்லர்கள் விரும்பிப் பாவிக்கிற உருக்குகளில் 5160 என்று ஒன்று இருக்கிறது. குரோமியம் கலந்த அந்த உருக்கு வாகன ஸ்பிரிங்குக்குப் பேர்போனது. அதன் சொந்தக்காரர்தான் இந்த மூலையிலும் கிடக்கிறார். அங்கே அது ஆயிரம் டொலர்க் கத்தி. இங்கே கொடுவாக்கத்தி, மண்வெட்டி, பாளை சீவுகிற கத்தி. அதையும் "ஐயா, ஐந்நூறு குறையுங்கோ" என்று நின்று பேரம் பேசித்தான் வாங்குகிறோம்.

ஐயா ஒரு கத்தியை எடுத்து விரல் நகத்தில் வாயை மெல்ல வைத்துப் பார்த்தார். நாங்கள் கைபேசியை நீட்டினோம். "எடுங்கோ தம்பி, எடுங்கோ. ஆனா தோய்ச்சல் படத்திலை தெரியாது" என்றார். நாங்கள் இரண்டு வருடமாக வாசித்ததை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "வாள் அடிச்சுத் தாங்கோ எண்டும் சில பொடியள் வாறவை. நான் திருப்பி அனுப்பிப்போடுவன்." வடக்கில் இதை மறைத்துக்கொண்டு கத்தியைப் பற்றி எழுத ஏலாது. வாள்வெட்டுச் செய்தி இங்கே புதுசில்லை. வாளோடு நின்று படம் எடுத்து முகநூலில் போட்டுப் பிடிபட்ட பொடியளின் கதையும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எங்கட கைபேசியில் கத்திப் படத்தைக் கண்ட அம்மாமாருக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றத்தைப் பகிடி பண்ண எங்களுக்கு உரிமையில்லை. வாளோடு நிற்கிற படத்தில் ஒரு தொழிலும் இல்லை, செய்தவர் யாரென்றும் இல்லை, பயம் காட்டுவது மட்டும்தான் இருக்கிறது. அதிலிருந்து எங்கட ரசனை வேறு என்று சொல்ல வேண்டுமென்றால், எங்கட படத்தில் தொழிலும் ஆளும் தெரிய வேண்டும்.

ஆளின் பெயர் சின்ன விஷயமில்லை. கண்டி அரசின் காலத்துப் 'பிஹா கெத்த' கத்திகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். வெள்ளி இழைத்த அலகு, யானைத் தந்தத்திலோ கொம்பிலோ செதுக்கிய பிடி. இலண்டன் வரை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூல் இப்படியான கைவேலைகளையும் அவற்றைச் செய்தவர்களின் வாழ்க்கை முறையையும் பதிந்துவைத்தது. அப்படியிருந்தும் அந்தக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு, செய்த கையின் பெயர் கிடையாது. இன்றைய அமெரிக்கக் கொல்லர் தன் பெயரை அலகில் பொறிக்கிறார். எங்கட கொல்லரோ கேட்டால் சாதிப் பெயரால்தான் அறியப்படுகிறார். இரும்பு வேலை என்றால் அது 'அவையளின்' வேலை என்று ஒதுக்கிவிட்டு, கடல் கடந்த இரும்பு வேலையைக் கலை என்று வாய் பிளக்கிறோம். இது ரசனைப் பிழை மட்டுமில்லை.

படங்கள் தேவையில்லை என்று யாரும் எங்களைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். தனியாளாகப் பட்டறை வைத்திருக்கிற கொல்லர் உலகம் முழுக்க விற்கிறது படங்களால்தான். 2015இல் தொடங்கிய 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' நிகழ்ச்சியைப் பார்த்து, இரும்படிக்கிறதும் ஒரு வித்தைதான் என்று எங்களில் பலர் கண் திறந்தோம். அதே வெளிச்சத்தை ஊர்க் கம்மாலைக்கும் கொஞ்சம் திருப்புவோம் என்பதுதான் எங்கட கதை.

அதனால் நாங்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கத்திப் படம் போடுகிறவர் மூன்று விஷயம் சேர்த்துப் போட வேண்டும்: யார் செய்தது, என்ன உருக்கு, என்ன வேலைக்கு. தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுத வேண்டும். ஊர்க் கத்தியென்றால், கேட்டு, சம்மதித்தால் மட்டும், செய்தவரின் கையையும் எடுக்க வேண்டும். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை அச்சடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும். விலையில் பேரம் கிடையாது.

கம்மாலையிலிருந்து நாங்கள் ஒரு கத்தி வாங்கிவந்தோம். அலகில் கோலம் இல்லை. பிடி பூவரசு, கொஞ்சம் கோணல். குழுவில் போட்டபோது ஒருவரும் "என்ன வடிவு" என்று எழுதவில்லை. ஆறு மாதமாகத் தேங்காய், பலாக்காய், வேலிக் கதியால் எல்லாம் அதால்தான் வெட்டுகிறோம். இன்னும் கூர் போகவில்லை.