ஒரு நகரம், மூன்று மொழிகள்

பல மொழியினர் வாழும் நகரில் பல மொழி நாளிதழ்கள் விற்பனையாவதைக் காண்போர், அந்நகர மக்கள் தம் ஊரை நன்கறிவர் என்று எண்ணுவது இயல்பு. மும்பையின் இரயில் நிலையக் கடைகளில் மராத்தி, குஜராத்தி, இந்தி, உருது, ஆங்கில நாளிதழ்கள் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் மும்பை சமாச்சார் 1822இல் தோன்றியது. ஆயினும், வாசகர் ஒருவரின் தெருக் குடிநீர்க் குழாயைப் பற்றி அவ்வடுக்கு முழுவதிலும் ஒரு வரிகூட இல்லாமற் போகலாம். இதழ்களின் எண்ணிக்கை வேறு, ஊர்ச்செய்தி வேறு.

இவ்வேறுபாட்டை நேரில் ஆராய்ந்தவர் மைக்கேல் பார்க்ஸ். தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதிய செய்திகளுக்காக 1987இல் புலிட்சர் பரிசு பெற்றவர். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராக விளங்கியவர். பின்னர்த் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியரானார். தகவல்தொடர்பியல் பேராசிரியர் சாண்ட்ரா பால்-ரோகீச்சுடன் இணைந்து அவர் தேர்ந்த களம், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகிலுள்ள அல்ஹாம்ப்ரா என்னும் சிறு நகரம். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 83,000 பேர். அவர்களுள் பாதிப்பேர் ஆசிய வழியினர். மூன்றில் ஒரு பங்கினர் இலத்தீன் அமெரிக்க வழியினர். சீன மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நாளிதழ்கள் கிடைத்தன. அல்ஹாம்ப்ரா நகர்மன்றத்தில் நடப்பதை நாள்தோறும் சொல்வதற்குத்தான் இதழ் இல்லை.

இது சிறு குறையன்று. அதே மாவட்டத்தில் பெல் என்றொரு நகரம் உண்டு. பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் எளிய மக்கள் வாழ்வது. அந்நகர மேலாளர் ஆண்டுக்கு 7,87,637 டாலர் ஊதியம் பெற்றுவந்தார் என்பதை 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அதன் பின்னர்தான் மக்கள் திரண்டனர். நகர்மன்றக் கூட்டங்களில் ஒரு நிருபர் தொடர்ந்து அமர்ந்திருந்தால், அவ்வூதியம் அத்தனை உயரம் வளர்ந்திருக்குமா என்பது ஐயமே.

அதே 2010இல் அல்ஹாம்ப்ரா சோர்ஸ் என்னும் இணைய இதழ் மூன்று மொழிகளிலும் தொடங்கப்பெற்றது. ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துத் தந்தால் போதும் என்பார் உளர். அது பாதி வேலைதான். எதைச் செய்தியாக்குவது என்பதை ஒரு மொழியினரே முடிவு செய்தால், பிறர் என்றும் மொழிபெயர்ப்பின் வாசகராகவே இருப்பர். ஆகவேதான் ஆய்வாளர்கள் முதலில் மக்களிடம் சென்று, எதை அறிய விரும்புகின்றனர் என்று கேட்டனர். பின்னர் அம்மக்களுள் சிலரே செய்தி எழுதவும் முன்வந்தனர். சில காலத்தில் நகரக் காவல்துறையும் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் கணக்கைத் தொடங்கி, சீன மொழியில் வந்த வினாக்களுக்கு விடையளித்தது. அதுவரை அவ்வினாக்கள் இல்லாமல் இல்லை. கேட்க இடந்தான் இல்லை.

இம்முயற்சி பல்கலைக்கழகத்தின் துணையால் எழுந்தது. எல்லா ஊருக்கும் அத்துணை வாய்ப்பதில்லை. விளம்பரம் தரும் வணிகரோ பெரும்பாலும் ஒரு மொழி வாசகரையே நாடுகின்றனர். மும்மொழி பேசும் ஒரு தெருவை ஒரே சந்தையாகக் கருதுவோர் அரியர். செலவு மிகுதி என்று கைவிடுவோர் பெல் நகரக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். அம்மேலாளரின் ஓராண்டு ஊதியமே ஒரு சிறு செய்தியறையை நடத்தப் போதுமானதாக இருந்திருக்கும்.