பலகைக்கு விலை உண்டு, பிரிப்பவருக்கு?

பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, மரத்தூள் கலந்து, உள்ளே நுண்ணிய காற்றறைகள் உண்டாகும்படி நுரைக்க வைத்துப் பலகை செய்கிறார்கள். எடை குறைவு; ஆணியும் திருகும் எளிதில் இறங்கும்; மழை ஈரத்தில் பிளைவுட் போல உப்பாது. மும்பைக்கு ஏற்ற சரக்குதான். கடைகளில் இன்று கிடைக்கும் இத்தகைய பலகைகளில் பல, புதுப் பிளாஸ்டிக்கில் ஆனவை. பழைய பிளாஸ்டிக்குக்கா இங்கே பஞ்சம்?

கோவண்டியை ஒட்டிய தேவனாரில் 1927 முதல் நகரத்துக் குப்பை மலையாகக் குவிந்தது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது ஊரே புகையில் திணறியது. அந்தக் குப்பையில் பிழைப்பு நடத்துவோரில் நம்மவரும் உண்டு.

இந்தத் தொழிலின் உயிர்நாடி இயந்திரம் அல்ல, தரம் பிரிப்பதுதான். சுமார் 200 டிகிரிக்கு மேல் மரத்தூள் கருகும். அதற்குள் உருகும் பாலித்தீன் போன்றவையே இதற்கு உதவும். தண்ணீர் பாட்டில் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். பி.வி.சி. துண்டுகள் தவறிக் கலந்தால் சூட்டில் அமில வாயு கிளம்பும். தூளில் ஈரம் நின்றாலோ நுரை கண்டபடி பொங்கிப் பலகை பொத்தலாகும்.

எது தண்ணீரில் மிதக்கும், எது மூழ்கும், எது வளையும், எது முறியும் என்பதைப் பங்கார் கிடங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் தொட்டதுமே சொல்லிவிடுவாள். அந்த அறிவுக்குக் கிடைப்பது கிலோக் கணக்கில் கூலி. கைக்கு உறைகூட இல்லை!

தாராவி மக்களைக் குடியமர்த்த தேவனாரில் 124 ஏக்கர் ஒதுக்குவதென 2024-ல் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. மலை கரையட்டும், வரவேற்போம். ஆனால் அதை நம்பியிருந்தவர் கதி என்ன? குப்பை பொறுக்குவோரைப் பதிவு செய்து, அவர்களையும் துப்புரவுப் பணியில் சேர்க்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே கூறின.

ஆகவே, தண்ணீரும் காற்றோட்டமும் உள்ள பிரிப்புக் கொட்டகைகளை மாநகராட்சி கட்டித் தர வேண்டும். பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயந்திரக் கடனும் பயிற்சியும் வேண்டும். புகைபோக்கி இல்லாமல் சந்துக்குள் உலை வைப்பது மட்டும் கூடாது. கோவண்டி குடித்த புகை போதும்.

சங்கம் பதியவும் மனு எழுதவும் தெரிந்த குமாஸ்தா நண்பர்கள் நம்மில் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செய்வார்களா?