தண்டப்பணம் செலுத்த வழியின்மை சிறைக்குரிய குற்றமா?

2023 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஜனாதிபதியின் பொதுமன்னிப்பின் கீழ் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். தண்டப்பணம் செலுத்த முடியாமல் சிறையிலிருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். வெசாக் போன்ற விசேட தினங்களிலும் இத்தகையோர் விடுவிக்கப்படுவது வழமை. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பின்னர் மன்னிக்கப்படத் தக்கவர்களை முதலில் சிறைக்கு அனுப்பியது ஏன் என்ற வினா எழுவதைத் தவிர்க்க முடியாது.

சுமார் 11 ஆயிரம் பேருக்கென அமைக்கப்பட்ட எமது சிறைச்சாலைகளில் அப்போது ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் அடைக்கப்பட்டிருந்தனர். கொவிட் அச்சமும் இடநெருக்கடியும் நிலவிய சூழலில், 2020 நவம்பரில் மஹர சிறைச்சாலையில் இடம்பெற்ற கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தமையை எவரும் மறந்திருக்க முடியாது. சிறைகளில் இருப்போரில் பெரும்பான்மையினர் விளக்கமறியற் கைதிகள் என்பது உண்மையே. எனினும், தண்டனை பெற்று ஆண்டுதோறும் சிறை செல்வோரில் தண்டப்பணம் செலுத்தத் தவறியோரே பெரும் பங்கினராக உள்ளனர்.

ஒரே தண்டத் தொகையை வசதி படைத்தவர் அன்றே செலுத்திவிட்டு வீடு திரும்புகின்றார். கசிப்பு வழக்கில் அகப்பட்ட நாட்கூலித் தொழிலாளியோ சிறை செல்கின்றார். அவரது வருமானம் நின்றுபோகின்றது. பிள்ளைகளின் கல்வி குழம்புகின்றது. சிறையில் கிடைக்கும் சகவாசம் அவரை மேலும் பெரிய குற்றங்களுக்கு இட்டுச் செல்லவும் கூடும்.

மாற்று வழிகள் எமது சட்டத்தில் இல்லாமலில்லை. நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944 ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கும் சமூக சேவைக் கட்டளைக்கும் இடமளிக்கின்றது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமோ, சிறு குற்றவாளிகளை ஊதியமற்ற பொதுப்பணியிலும், ஆலோசனை, போதை மறுவாழ்வு, தொழிற்பயிற்சி ஆகியவற்றிலும் ஈடுபடுத்த வழிவகுக்கின்றது.

கொலை, பாலியல் வன்முறை போன்ற பாரிய குற்றங்களுக்கு இவை பொருந்தா. சிறு குற்றங்களில் மாத்திரம், சிறைத்தண்டனைக்கு முன்னர் இவ்வழிகளைப் பரிசீலிப்பது வழமையாக வேண்டும். சட்டத்தரணியின்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஏழைக்கு இத்தகைய சட்டம் இருப்பதே தெரியாது. எனவே, அவரால் தண்டப்பணம் செலுத்த இயலுமா என்பதை நீதிமன்றமே விசாரித்தறிதல் அவசியம். வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் தமிழில் கடமையாற்றக்கூடிய சீர்திருத்த அலுவலர்கள் போதியளவு இருப்பதையும் அரசாங்கம் உறுதிப்படுத்த வேண்டும்.

விசேட தினங்களில் கிடைக்கும் மன்னிப்பை விட, தீர்ப்பளிக்கப்படும் நாளிலேயே கிடைக்கும் நியாயமே இம்மக்களுக்குத் தேவை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.