பாதுகாப்புப் பட்டி இல்லையா? மரம் ஏறமாட்டோம்!



லயத்தின்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களை மழைக்கு முன் வெட்டுங்கள் என்று நாம்தான் கேட்கிறோம். அதற்காக ஒரு பழைய கயிறும் கத்தியும் தந்து, வெறுங்காலோடு கிரவேலியாவில் ஏறச் சொல்வதா? தன் பிள்ளையைத் துரை இப்படி ஏற்றுவாரா?

மேலே ஏறுபவருக்குத் தலைக்கவசம் வேண்டும். இடுப்பையும் தொடையையும் தாங்கும் பட்டி வேண்டும். மரத்தின்மேல் செயின்சோ பிடிப்பவரை இரண்டு கயிறுகள் தாங்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும். கிளையை அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டு, பிறகே மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் பட்டை கிழிந்து கிளை ஆள்மீது அடிக்கும். கூரைக்கு மேலுள்ள கிளையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அடிமரம் சாய்க்கும்போது மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரம் விலகி நிற்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால், மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் ஏறக்கூடாது.

இதற்கெல்லாம் காசில்லை என்கிறது நிர்வாகம். வெட்டிய மரத்தை விற்கும் காசு எங்கே போகிறது? கேட்டால், "அவன் கொந்தராத்துக்காரனின் ஆள்" என்று கைகழுவுகிறார்கள். விழுந்தால் உடைவது நம் முதுகெலும்பு.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் விபத்து நடந்தபின் பணம் பெற்றுத்தரும். அந்தப் பணம் போன உயிரைத் திருப்பித் தராது. ஆகவே பட்டியை முதலில் கேட்போம்.

ஒருவர் மறுத்தால் அரைப்பேர் போடுவார்கள். தோட்டமே மறுத்தால் பட்டி வாங்குவார்கள்!